முடக்கியது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு: செட்டிநாட்டில் மோசடிச் சொத்தைத் தேடுவது

நிதி நிறுவன மோசடியில் 'இத்தனை கோடி சொத்து முடக்கம்' என்று செய்தி வந்ததும், பணம் போட்டவர் தன் காசு எங்கோ பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருப்பதாக நம்பிவிடுகிறார். உண்மையில் அந்த நேரத்தில் கையில் இருப்பது ஓர் உத்தரவும் சில சர்வே எண்களும்தான். அந்த எண்கள் ஏலத்தில் விலைபோய், கடன் கொடுத்த வங்கிக்கு உரியது கழிந்து, மிச்சம் வைப்புதாரர் கணக்கில் ஏறும்வரை உள்ள தூரம் மிக நீளம். சொத்து மீட்புப் புலனாய்வு என்பது அந்தத் தூரம் முழுவதற்குமான வேலை. பிரிட்டனில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கென்றே பயிற்சியும் சான்றும் பெற்ற நிதிப் புலனாய்வாளர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் அப்படித் தனிப் பதவி இல்லை. பொருளாதாரக் குற்றப்பிரிவு ஆய்வாளர், தணிக்கையாளர், வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் என்று மூன்று நான்கு பேர் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

இந்தக் கட்டுரை காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. சட்டம் மாநிலம் முழுக்க ஒன்றுதான். ஆனால் இங்கே சொத்து இருக்கும் விதம் வேறு. முப்பது பேருக்குப் பங்குள்ள வீடு, அடகில் இருக்கும் நகை, மலேசியாவில் இருக்கும் மைத்துனர், இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் புஞ்சை. எதை முடக்கினால் பணமாகும், எதை முடக்கினால் கோப்பு மட்டும் தடிக்கும் என்பதை முதல் மாதத்திலேயே பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர். முடக்கிய தொகையைப் பெரிதாகக் காட்டும் ஆசைக்கு இடம் கொடுத்தால் பாதிக்கப்படுவது வைப்புதாரர்.

வழக்குப் பதிவான அன்றே தொட வேண்டியது வங்கிக் கணக்கு. 1999-இலேயே உச்ச நீதிமன்றம் வங்கிக் கணக்கும் 'சொத்து'தான், காவல்துறை அதை முடக்கலாம் என்று சொல்லிவிட்டது. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 102. 2024 ஜூலை 1 முதல், அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 106. வங்கியின் நோடல் அதிகாரிக்குப் போகும் கடிதத்தில் கணக்கு எண்ணை மட்டும் எழுதினால் அந்தக் கணக்கு மட்டுமே நிற்கும். நிரந்தரக் கணக்கு எண்ணை (பான்) கொடுத்து, அந்த நபர் தனியாகவோ கூட்டாகவோ வைத்திருக்கும் எல்லாக் கணக்குகள், வைப்புகள், லாக்கர், நகைக்கடன், காப்பீடு என்று விரித்துக் கேட்க வேண்டும். பற்றை நிறுத்துங்கள், வரவை அனுமதியுங்கள் என்று தெளிவாக எழுத வேண்டும். வரவையும் அடைத்துவிட்டால், செய்தி தெரியாமல் இன்னும் வாடகையோ கடன் தவணையோ அனுப்பிக்கொண்டிருப்பவர்களின் பணம் வேறு பக்கம் திரும்பிவிடும். முடக்கியதை உடனடியாக நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த ஒரு பக்க அறிக்கை தாமதமானதையே காரணமாகக் காட்டி முடக்கத்தை நீக்கக் கோரும் மனுக்கள் ஏராளம்.

அடுத்த தவறு, கணக்கு வகையைப் பார்க்காமல் முடக்குவது. கேஷ் கிரெடிட் கணக்கில் வரம்பு 2 கோடி என்று இருக்கும். அது வங்கி கொடுக்கத் தயாராக உள்ள கடன், குற்றவாளியின் பணமில்லை. அதை மீட்ட தொகையில் சேர்த்து எழுதக் கூடாது. நிரந்தர வைப்பு ரசீதைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடவும் கூடாது. அந்த வைப்பின் மேலேயே கடன் வாங்கியிருந்தால் வங்கியின் பிடிமானம் முந்தும்.

கணக்கு விவரத்தைப் பிடிஎஃப்பாக வாங்கினால் வேலைக்கு ஆகாது. எக்செல் கோப்பாகக் கேளுங்கள். கூடவே கணக்குத் தொடங்கிய படிவம், அடையாள ஆவணங்கள், நியமனதாரர் (நாமினி) பெயர், பெரிய தொகைகளுக்குக் காசோலையின் இரு பக்கப் படம், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றத்தின் எதிர்க்கணக்கு விவரம். நியமனதாரர் பெயரைப் பலர் கவனிப்பதில்லை. மனைவி, மக்களைத் தாண்டி ஒரு பெயர் அங்கே இருந்தால், பினாமியைத் தேடும் வேலை பாதி முடிந்த மாதிரி. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி பரிவர்த்தனைப் பதிவுகளை வங்கி 5 ஆண்டுகள்தான் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு ஓடிய சீட்டு நிறுவனம் என்றால் முதலிரண்டு ஆண்டுகளின் பதிவு கிடைக்காமல் போகலாம். எனவே பழையதை முதலில் கேட்க வேண்டும். கணினியில் எடுத்த விவரத்தோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-இன் சான்று, பகுதி ஏ, பகுதி பி இரண்டும், ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். நான்கு ஆண்டு கழித்து விசாரணையில் அந்த மேலாளரைத் தேடினால் அவர் எந்தக் கிளையில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

விவரங்கள் வந்ததும் ஐந்தொகை, அதாவது வரவையும் செலவையும் இருப்பையும் நேர்செய்து பார்க்கும் கணக்கு, போட வேண்டும். இந்த வட்டாரத்துக்கு இது புதிதில்லை. இரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் இருந்த கடைகளின் மேலாள்கள் வரவு, பற்று, இருப்பு எழுதி ஊருக்குக் கணக்கு அனுப்ப, இங்கே இருந்தபடியே அதில் ஓட்டையைக் கண்டுபிடித்த பரம்பரை இது. மோசடி வழக்கிலும் கேள்வி அதேதான்: வந்தது எவ்வளவு, போனது எங்கே, விட்டுப்போனது எது?

கணக்கு புரிவதற்காக ஒரு மாதிரி. மூன்று ஆண்டில் வைப்பாக வந்தது 60 கோடி. வட்டியாகவும் முதிர்வாகவும் திரும்பக் கொடுத்தது 31 கோடி. முகவர் கமிஷன் 4 கோடி. அலுவலகம், சம்பளம், வண்டி 3 கோடி. வங்கியில் இருப்பு 1 கோடி. பத்திரப்படி வாங்கிய நிலம் 7 கோடி. நகை 2 கோடி. கூட்டினால் 48 கோடி. 12 கோடி காணவில்லை. பல கோப்புகள் இந்த இடத்தில், 'மீதியை ஆடம்பரமாகச் செலவு செய்துவிட்டார்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. அந்த வரியை நான் ஏற்பதில்லை. 12 கோடியை ஊதாரித்தனமாகச் செலவு செய்வது எளிதான காரியமில்லை. செய்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும்.

முதலில் நிலம் விற்றவர்களை அழைத்துப் பேச வேண்டும். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பு 7 கோடி. கைமாறிய உண்மையான விலை 12 கோடி என்று அவர்கள் சொன்னால், காணாமல் போன 12-இல் 5 கோடி அந்த நிலத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏலத்தில் அடிப்படை விலை வைக்கும்போது இது உதவும். மீதி 7 கோடிக்கு வரிசையாகப் பார்க்க வேண்டியவை: மோசடி தொடங்கும் முன்பே இருந்து, பிறகு திடீரென்று அடைபட்ட பழைய கடன்கள், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், பிறர் பெயரில் தொடங்கிய கடை, வெளிநாடு. முகவர் கமிஷனையும் செலவுக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. அது வைப்புதாரர் பணத்திலிருந்து போன காசு. முகவர் அதில் மனை வாங்கியிருந்தால் அதையும் தேடியாக வேண்டும்.

இனி நிலம். இங்கேதான் அதிக நேரம் போகும், அதிகத் தவறும் நடக்கும்.

வில்லங்கச் சான்று சர்வே எண்ணுக்குத்தான் கிடைக்கும்; ஆளின் பெயரைப் போட்டு வாங்க முடியாது. 'இவர் பெயரில் என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு வேறு வழிகள் வேண்டும். பதிவுச் சட்டம் பிரிவு 55-இன்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் வாரி அட்டவணையும் சொத்து வாரி அட்டவணையும் தனித்தனியே உண்டு. எழுத்து மூலம் கேட்டுப் பெயர் வாரி அட்டவணையில் தேட வைக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயர் வாரியாகப் பட்டா விவரம் கேட்க வேண்டும். வருமான வரித்துறையிடம் 30 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துப் பரிவர்த்தனைகளின் தகவல் இருக்கும். நான்காவது வழி, குற்றவாளியின் வீட்டிலும் அலுவலகத்திலும் கிடைக்கும் சொத்துவரி ரசீது, மின்கட்டண அட்டை, பத்திர எழுத்தர் கொடுத்த துண்டுச்சீட்டு. சோதனையின்போது அலமாரியில் பணம் தேடுபவர்கள் குப்பைக் கூடையைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும்.

பெயரில் தேடும்போது ஒரே ஆளின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். தலைப்பெழுத்து முன்னால், பின்னால், விரித்து, விடுபட்டு. தமிழில் ஒரு விதம், ஆங்கில எழுத்தில் மூன்று விதம். தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்தால்தான் ஆள் பிடிபடும். செட்டிநாடு என்பது இரண்டு வருவாய் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை. பொன்னமராவதியும் ராயவரமும் புதுக்கோட்டை. காரைக்குடியில் கடை வைத்திருப்பவர் திருமயம் பக்கம் தைலமரக் காடும் அறந்தாங்கிப் பக்கம் முந்திரித் தோப்பும் வாங்கியிருக்கலாம். ஒரு மாவட்டத்தோடு தேடலை நிறுத்தினால் பாதி சொத்து கண்ணில் படாது.

வில்லங்கச் சான்றில் தெரியாதவை எவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பதிவாகாத கிரய ஒப்பந்தம் அதில் வராது. உயில் பதிவாகியிருந்தாலும் வராது, அது வேறு புத்தகம். சொத்தின் மேல் வங்கி அடமானம் உண்டா என்று அறிய, வில்லங்கத்தோடு மத்திய பிணைப் பதிவகமான செர்சாயிலும் பார்க்க வேண்டும். வங்கிகள் பிணைச் சொத்திலிருந்து கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் பிரிவு 26ஈ, 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே பதிவு செய்த பிணைக்கடனுக்கு முன்னுரிமை. 3 கோடி நிலத்தின் மேல் 2 கோடியே 60 லட்சம் வங்கிக் கடன் இருந்தால், முடக்கப் பட்டியலில் 3 கோடி என்று எழுதுவது வைப்புதாரரை ஏமாற்றுவதாகும். நிகர மதிப்பை எழுதும் பழக்கம் வர வேண்டும்.

புகார் கிளம்பும் வாசனை வந்ததும் சொத்து கைமாறத் தொடங்கும். மனைவிக்கு தான செட்டில்மெண்ட், தம்பிக்கு விடுதலைப் பத்திரம், நண்பருக்குப் பவர். வட்டி கொடுப்பது நின்ற மாதத்திலிருந்து பின்னோக்கி இரண்டு ஆண்டுகளின் எல்லாப் பத்திரங்களையும் எடுத்துப் பார்த்தால் இந்த வரிசை தெரியும். தமிழ்நாடு வைப்புதாரர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997, நல்லெண்ணமின்றி மாற்றப்பட்ட சொத்தையும், வாங்கியவரின் அதே மதிப்புள்ள வேறு சொத்தையும் தொட வழி தருகிறது. இந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது. ஆனால் வாங்கியவர் உண்மையான விலை கொடுத்து, விவரம் தெரியாமல் வாங்கியவராக இருந்தால் அவரைத் துன்புறுத்தக் கூடாது. வித்தியாசத்தைக் காட்டுவது அவருடைய வங்கிக் கணக்கு. கிரயத் தொகை அவர் கணக்கிலிருந்து போயிருக்கிறதா, போன தொகை ஒரு வாரத்தில் சுற்றித் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சட்டத்தின் நடைமுறையில் ஓர் இடைவெளி உண்டு. புலனாய்வு அதிகாரி முன்மொழிவு அனுப்ப வேண்டும். உள்துறை இடைக்கால முடக்க அரசாணை வெளியிட வேண்டும். பிறகு தகுதிவாய்ந்த அதிகாரியான மாவட்ட வருவாய் அலுவலர், அதை உறுதியாக்கக் கோரிச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தென் மாவட்ட வழக்குகளுக்கு அது மதுரையில் இருக்கிறது. வழக்குப் பதிவுக்கும் அரசாணைக்கும் நடுவே மாதங்கள் ஓடும். அந்த நாட்களில் சார்பதிவாளருக்கு 'பத்திரம் பதியாதீர்கள்' என்று கடிதம் எழுதுவது பலரின் வழக்கம். அந்தக் கடிதம் நிற்காது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 102-இன் கீழ் அசையாச் சொத்தை முடக்கக் காவல்துறைக்கு அதிகாரமில்லை என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. இப்போது கையில் இருக்கும் நல்ல கருவி நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 107. காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதலோடு நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். சாதாரணமாக 14 நாள் அவகாசத்தோடு விளக்கம் கேட்பார்கள். அறிவிப்பு கொடுத்தாலே சொத்து கைநழுவிவிடும் என்று காரணங்களோடு காட்டினால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால முடக்கம் கிடைக்கும். 'காரணங்களோடு' என்பதற்கு அழுத்தம் கொடுக்கிறேன். கடந்த மூன்று மாதத்தில் கைமாறிய பத்திரங்களின் எண்களை மனுவோடு இணைத்தால் நீதிபதி வேறு கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

உத்தரவு கிடைத்ததும் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, வில்லங்கச் சான்றில் தெரிகிறதா என்று ஒரு வாரம் கழித்து நாமே சான்று போட்டுப் பார்க்க வேண்டும். பல நேரம் உட்பிரிவு எண்ணில் கோளாறு வரும். உத்தரவில் 112/2 என்று இருக்கும். அந்தப் புலம் எப்போதோ 112/2ஏ, 112/2பி என்று பிரிந்திருக்கும். உத்தரவு பழைய எண்ணில் ஏறும். புதிய எண்ணில் சொத்து விற்றுவிடும். பழைய எண், புதிய எண், பரப்பு, நான்கெல்லை, பட்டா எண், பத்திர எண் ஆறையும் எழுதி, புலப்படத்தை இணைத்தால் இந்தக் கதவு அடைபடும். மனைப்பிரிவாக இருந்தால் அங்கீகாரம் உண்டா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு உருவான அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு பழைய வரன்முறைத் திட்டத்தில் வராது. முடக்கலாம், ஏலத்தில் வாங்க ஆள் வர மாட்டார்.

பெரிய வீட்டுக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் முடக்கப் பட்டியலைப் பார்த்தால் கண்ணைக் கவரும் இனம் அதுதான். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக, பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. மதிப்பீட்டாளர் 6 கோடி போடுவார். குற்றவாளிக்கு அதில் எவ்வளவு? பாட்டனாரின் தகப்பனார் கட்டிய வீடு. அவருக்கு மூன்று மகன்கள். அவர்களில் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள். அந்த நால்வரில் ஒருவருக்கு மூன்று மக்கள். அந்த மூவரில் ஒருவர் நம் ஆள். மூன்றில் ஒன்று, அதில் நான்கில் ஒன்று, அதில் மூன்றில் ஒன்று: 36-இல் 1 பங்கு. 6 கோடியில் 16 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய். நடுவில் சுவீகாரம் போனவர், வந்தவர் இருந்தால் கணக்கு மாறும். 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் வந்த திருத்தங்களால் மகள்களின் பங்கும் சேரும். அதனால் குடும்ப மரம் வரையாமல் முடக்க மனு எழுதக் கூடாது.

பங்கு சரியாகத் தெரிந்தாலும் விற்பது கடினம். சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 44-இன்படி, பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவர் பங்கை வாங்கும் வெளியாள், மற்றவர்களோடு கூட்டாகக் குடியேற உரிமை கோர முடியாது. பாகப்பிரிவினைக்கு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 4-இன்படி, குடும்பத்தார் அந்தப் பங்கை மதிப்புக் கொடுத்துத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே போகவும் முடியாது, எத்தனை ஆண்டு ஆகும் என்றும் தெரியாது என்ற சொத்தை ஏலத்தில் யார் எடுப்பார்? வீட்டை முழுவதுமாகச் சீல் வைத்தாலோ, குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத முப்பது பேர் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் வந்து வாசலில் நிற்பார்கள். அவர்கள் உயர் நீதிமன்றம் போவார்கள். முடக்கமே ஆட்டம் காணும்.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. சட்டம் குடும்பத்துக்குக் கொடுக்கும் அந்த வாங்கும் உரிமையையே முன்னால் கொண்டுவருவது. பங்கை மட்டும் முடக்கி, அரசு மதிப்பீட்டைப் பெற்று, 'இந்த விலைக்குப் பங்காளிகளில் யாரேனும் எடுத்துக்கொள்ளச் சம்மதமா' என்று நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்தில் கேட்பது. சிங்கப்பூரிலோ சென்னையிலோ வசதியாக இருக்கும் ஒரு பங்காளி, வெளியாள் நுழைவதைவிட நாமே எடுத்துவிடுவோம் என்று முன்வர நல்ல வாய்ப்பு உண்டு. 16 லட்சம் நீதிமன்றக் கணக்குக்கு வரும். 6 கோடி என்று பத்திரிகையில் போட்டுப் பத்து ஆண்டு காப்பதைவிட அது மேல்.

வீட்டோடு ஒட்டிய இன்னொரு ஆபத்து, உள்ளே இருப்பவை. தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் பாத்திரம், தஞ்சாவூர் ஓவியம் எல்லாவற்றுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் சந்தை இருக்கிறது. முடக்கிய வீடு ஆளில்லாமல் கிடந்தால் கதவும் தூணும் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். கடைசியில் முடக்கத்தில் சுவர் மட்டும் இருக்கும். மகஜர் எழுதும் நாளில் ஒவ்வொரு கட்டிலும் தூண், கதவு எண்ணிக்கை, உயரம், ஒளிப்பதிவு, மரத்தின் வகை எல்லாம் ஏற வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள் என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். உலோகச் சிலை இருந்தால் அதை மதிப்பிட முயலாமல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்; அது கோயிலுக்கு உரியதாக இருக்கலாம்.

நகை விஷயத்தில் காலம்தான் எதிரி. மோசடிக்காரர் நகை வாங்கினால் அதைப் பெரும்பாலும் அடகு வைத்திருப்பார். 100 ரூபாய் மதிப்புள்ள நகைக்கு 75 ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். இன்றைக்கு மீட்டால் 25 ரூபாய் மிச்சம். இரண்டு ஆண்டு கோப்பு தூங்கினால் கடன் 93 ரூபாய், மிச்சம் 7. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மிச்சமே இல்லை. தங்கம் விலை ஏறினால் தப்பிக்கலாம். அதை நம்பி உட்கார முடியாது. வங்கியும் தவணை தவறினால் ஏலம் போட்டுவிடும். எனவே அடகு நகை தெரிந்ததும் அந்த நிறுவனத்துக்கு உடனே எழுதி, நீதிமன்ற அனுமதி பெற்று, விற்றுக் கடனைத் தீர்த்து உபரியைக் கட்டச் சொல்ல வேண்டும். நகைக்கடன்கள் கடன் தகவல் அறிக்கையில் வரும். மனைவி, மாமியார், ஓட்டுநர் பெயரிலும் பார்க்க வேண்டும். ஊர் அடகுக்கடையில் வைத்தது அதில் வராது. அதற்கு வீட்டில் கிடைக்கும் அடகுச் சீட்டுதான் சாட்சி.

லாக்கர் நகையை எடுக்கும்போது மதிப்பீட்டாளரை வைத்து மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். மனைவியின் சீர் நகை என்ற உரிமைக் கோரிக்கை கட்டாயம் வரும். அதில் பாதி உண்மையாகவும் இருக்கும். வருமான வரிச் சோதனைகளுக்கு 1994-இல் வந்த அறிவுறுத்தல், மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாதவருக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை கைப்பற்ற வேண்டாம் என்கிறது. மோசடி வழக்கை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயமான அளவுகோல். இங்கே திருமணச் சீரைப் பட்டியல் எழுதி வைக்கும் வழக்கம் இருப்பதால், அந்தப் பட்டியலைக் கேட்டு ஒப்பிடலாம். பட்டியலில் இருப்பதை விட்டுவிட வேண்டும். மோசடிக் காலத்து நகைக்கடை ரசீது உள்ளதை விடக் கூடாது.

வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காவல் நிலைய வளாகத்தில் வைத்து மக்க விடாதீர்கள் என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடனே விற்க மனு போடுவதுதான் வழி. ஓடும் தொழில் என்றால் அதற்கு நேர்மாறு. புதுவயல் பக்கத்து அரிசி ஆலை ஒன்று மோசடிப் பணத்தில் வாங்கப்பட்டது என்றால், பூட்டியதும் நெல் இருப்பு வீணாகும், மின் இணைப்பு துண்டிக்கப்படும், இயந்திரம் துருப்பிடிக்கும், வேலையாட்கள் போய்விடுவார்கள். நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியின் கையில் ஓடவிட்டு, லாபத்தைத் தனிக் கணக்கில் கட்டச் செய்து, ஓடும் ஆலையாகவே விற்றால் விலை நிற்கும்.

அமலாக்கத் துறையும் உள்ளே வந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்டம் பிரிவு 5-இன் கீழ் தற்காலிக முடக்கம் 180 நாள்தான். 30 நாளுக்குள் தீர்ப்பாய அதிகாரியிடம் புகார் போக வேண்டும். அதே சொத்தை மாநில அரசாணையும் முடக்கியிருந்தால் இரண்டு உத்தரவுக்கும் நடுவில் ஏலம் நின்றுபோகும். அந்தச் சட்டத்தின் பிரிவு 8(8) உரியவர்களுக்குச் சொத்தைத் திருப்பிக் கொடுக்க வழி வைத்திருக்கிறது. இரு தரப்பும் முதல் கூட்டத்திலேயே சொத்துப் பட்டியலை ஒப்பிட்டு, எதை யார் தொடுவது என்று எழுத்தில் முடிவு செய்துகொண்டால் வைப்புதாரருக்கு ஆண்டுகள் மிச்சமாகும்.

வெளிநாட்டுக்குப் போன பணம் இரண்டு வகை. வங்கி வழி போனதற்குத் தடம் உண்டு. உண்டியல் (ஹவாலா) வழி போனதற்குத் தொலைபேசியில் இருக்கும் செய்திகளும், அடையாளமாகப் பயன்படுத்திய ரூபாய் நோட்டின் எண்ணும்தான் தடம். இங்கே ரூபாயாகக் கொடுத்ததை கோலாலம்பூரில் ரிங்கிட்டாக ஒருவர் வாங்கியிருப்பார். அதனால் கைப்பற்றிய தொலைபேசியில் நோட்டுப் படம் இருந்தால் அலட்சியம் செய்யக் கூடாது. நிதி நுண்ணறிவுப் பிரிவு வழியாக வெளிநாட்டுத் தகவல் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அது துப்பு மட்டுமே, நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. சாட்சியத்துக்கு உள்துறை அமைச்சகம் வழியாகப் பரஸ்பர சட்ட உதவிக் கோரிக்கை போக வேண்டும். சிங்கப்பூரோடு 2005-இலும் மலேசியாவோடு 2012-இலும் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. 'இவருக்கு அங்கே உள்ள எல்லாச் சொத்தையும் கண்டுபிடித்துத் தாருங்கள்' என்று எழுதினால் கேள்விகளோடு திரும்பி வரும். வங்கியின் பெயர், கணக்கு எண், இங்கிருந்து போன தொகை, தேதி, அது எந்தக் குற்றத்திலிருந்து வந்தது, அங்கேயும் அது குற்றம்தான் என்பதற்கு விளக்கம் எல்லாம் வேண்டும். முதல் கோரிக்கையில் முடக்கத்தைக் கேட்டுவிட வேண்டும். ஆவணங்களை முதலில் கேட்டால் அவை வந்து சேரும்போது கணக்கு காலியாக இருக்கும்.

கடைசிக் கட்டம் பங்கீடு. அதற்கான வேலையை முதல் நாளே தொடங்க வேண்டும். புகார் வாங்கும்போதே ஒவ்வொருவரிடமும் ரசீது நகல், கட்டிய விதம், இதுவரை வாங்கிய வட்டி, ஆதார், வங்கிக் கணக்கு, நியமனதாரர் ஆகியவற்றை ஒரே படிவத்தில் வாங்கி அட்டவணையாக்கிவிட வேண்டும். வாங்கிய வட்டியைச் சொல்லப் பலர் தயங்குவார்கள். அது இல்லாமல் நிகர பாக்கி தெரியாது. 5 லட்சம் போட்டு 3 லட்சம் வாங்கியவரும், 5 லட்சம் போட்டு ஒன்றும் வாங்காதவரும் ஒரே விகிதத்தில் பெற்றால் அது நியாயமில்லை. ஒரே ரசீது கணவன் புகாரிலும் மனைவி புகாரிலும் ஏறியிருக்கும். ரசீது எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் இரட்டைப் பதிவு வெளியே வரும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 107-இன் கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டால் மாவட்ட ஆட்சியர் 60 நாளில் பகிர்ந்தளிக்க வேண்டும். அட்டவணை தயாராக இல்லாவிட்டால் அந்த 60 நாளும் சரிபார்ப்பிலேயே போய்விடும். உரிமை கோர ஆளில்லாத தொகை அரசுக்குப் போய்விடும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

வைப்புதாரர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியப் பணத்தைப் போட்ட முதியவர்கள். வழக்கு முடியும்போது சிலர் இருக்க மாட்டார்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்டு மகளைக் கானாடுகாத்தானிலிருந்து மதுரைக்கு மூன்று முறை அலையவிடாமல், ஆண்டுக்கு ஒரு முறை தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் முகாம் நடத்தி விவரங்களைப் புதுப்பித்துக்கொள்ளலாம். வங்கிகள் இணைந்ததால் பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறியிருக்கும். பழைய எண்ணுக்கு அனுப்பினால் பணம் திரும்பி வரும். முகாமுக்கு வருபவரிடம் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புதிதாக நகல் எடுத்துக்கொள்ள வேண்டும், கைபேசி எண் மாறியிருந்தால் படிவத்திலேயே திருத்திக் கையெழுத்து வாங்க வேண்டும்.